அறை ஒன்று, ஆய்வு ஐந்து

எங்கள் பல்கலைக்கழக உளவியல் ஆய்வகத்தை ஐந்து குழுக்கள் பகிர்ந்துகொள்கிறோம். முன்பதிவு செய்தும், போகும்போது அறை காலியாக இருப்பதில்லை. சண்டை போடாமல் சமாளிப்பது எப்படி?
– ஆய்வு மாணவி, கோவை

சண்டையைக் கதவில் ஒட்டிய விதி போடட்டும்! ஒவ்வொரு பதிவிலும் முன்னும் பின்னும் 15 நிமிடம் சேருங்கள். ஒப்புதல் படிவம் வாங்க, முடிவில் விளக்கம் சொல்ல, கணினியைப் பழையபடி வைக்க அது தேவை. 10 நிமிடம் தாமதித்தால் அறை அடுத்தவருக்கு. கையெழுத்திட்ட படிவங்கள் பூட்டிய அலமாரிக்கு.

முக்கியமாக, ஆய்வின் நோக்கத்தை வராந்தாவில் பேசாதீர்கள். 1963-இல் ரோசந்தால், ஃபோடு என்ற ஆய்வாளர்கள் சாதாரண எலிகளிலேயே சிலவற்றைக் 'கெட்டிக்கார எலிகள்' என்று சொல்லி மாணவர்களிடம் கொடுத்தார்கள். அவை புதிர்ப்பாதையில் மற்றவற்றை முந்தின. மாணவர்களின் எதிர்பார்ப்பு எலிக்கே தொற்றும்போது, உங்களுடையது வெளியே காத்திருக்கும் பங்கேற்பாளருக்குத் தொற்றாதா?