பழைய வீட்டை இடிக்கிறீர்களா?

சீயமங்கலம், செஞ்சிப் பக்கம் சுண்ணாம்பில் கட்டிய பழைய வீடு என்றால் பொக்லைனைக் கூப்பிட அவசரப்படாதீர்கள். ஆள் வைத்து ஓடு, உத்தரம், நிலை, கதவு என்று மேலிருந்து பிரித்து இறக்குங்கள். முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தியிருக்கிறார்களே! அதுபோல மறுபடி பொருத்த வசதியாகக் கட்டைகளுக்குப் பெயின்டால் எண் போட்டுவிடுங்கள்.

சுண்ணாம்புச் சாந்து செங்கல்லைவிட்டுச் சுலபமாக உதிரும்; சிமென்ட் என்றால் கல்லும் சேர்ந்து உடையும். இரண்டு கல்லை மோதிப் பாருங்கள். கணீர் என்றால் சுவருக்கு, தொப்பென்றால் தளத்துக்கு அடியில் உடைத்துப் போட. உப்புப் பூத்தது வேண்டவே வேண்டாம். கட்டுமுன் நன்றாக நனையுங்கள்.

தேக்குக் கட்டையில் ஆணி விட்டுவைத்தால் தச்சரிடம் திட்டு நிச்சயம். பழைய கம்பி எடைக்குத்தான், கான்கிரீட்டுக்கு ஆகாது.

செஞ்சிக் கோட்டை, சீயமங்கலம் குடைவரைப் பக்கம் கிடக்கும் கல்லைத் தொடாதீர்கள். அது தொல்லியல் துறைக் கணக்கு.