கடற்கரைக் கணக்கும் கணிப்பொறிக் கிட்டங்கியும்

முத்துக்குளிப்புக்குப் பெயர் பெற்ற நம் கடற்கரையில் பழைய வழக்கம் ஒன்று இருந்தது. கடலடிப் பார்களில் சிப்பி தேறியிருக்கிறதா என்று அறிய, முதலில் கொஞ்சம் சிப்பிகளை மட்டும் எடுப்பார்கள். அவற்றில் கிடைத்த முத்துக்களை மதிப்பிட்டு, ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு பெறும் என்று கண்ட பிறகே குளிப்பு நடத்துவதா வேண்டாமா என முடிவு செய்து அறிவிப்பார்கள். தூத்துக்குடியில் 1961-இல் நடந்ததே கடைசிக் குளிப்பு. குளிப்பு நின்றது, ஆனால் சிறிதை எண்ணிப் பெரிதை மதிப்பிடும் முறை நிற்கவில்லை. இன்று நம் கடற்கரையின் மீன் கணக்கு அவ்வாறுதான் எடுக்கப்படுகிறது. அத்தகைய கணக்கைக் கணிப்பொறியில் சேர்த்து வைத்து, அறிக்கையாக்கி, யாவரும் காண இணையத்தில் வெளியிடுவது எங்ஙனம் என்பதை மாணவ நண்பர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947-இல் தொடங்கப்பெற்றது. பின்னர் அதன் தலைமையகம் கொச்சிக்கு மாறியது. இந்தியக் கடற்கரையில் ஆண்டுதோறும் எவ்வளவு மீன் இறங்குகிறது என்று மதிப்பிட்டு வெளியிடுவது அதன் பணிகளுள் ஒன்று. நம் ஓட்டப்பிடாரம் வட்டாரத்துத் தருவைக்குளம் முதலாக எத்தனையோ இறங்குதளங்கள் இருக்க, எல்லாவற்றிலும் எல்லா நாளும் தராசுடன் நிற்க ஆள் ஏது? ஆகவே தளத்தையும் நாளையும் மாதிரி முறையில் தேர்ந்தெடுக்கிறார்கள். கணக்கெடுப்பவர் முதல் நாள் நண்பகல் 12 மணி முதல் மாலை 6 வரை தளத்தில் இருப்பார். மறுநாள் காலை 6 முதல் நண்பகல் 12 வரை மீண்டும் இருப்பார். இடைப்பட்ட இரவில் வந்தவற்றை விசாரித்து அறிவார். மூன்றும் சேர்ந்து ஒரு நாள் கணக்காகும்.

படகுகளைப் பார்ப்பதிலும் விதி உண்டு. 15 படகு வரை வந்தால் அனைத்தையும் பார்க்க வேண்டும். 16 முதல் 19 வரையாயின் முதல் பத்தும், எஞ்சியதில் பாதியும். 20 முதல் 29 வரை இரண்டுக்கு ஒன்று, 30 முதல் 39 வரை மூன்றுக்கு ஒன்று, 40 முதல் 49 வரை நான்குக்கு ஒன்று, 50-உம் அதற்கு மேலும் ஐந்துக்கு ஒன்று. இவ்விதியை நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் வரும் சிக்கல் யாவும் இதிலிருந்தே பிறக்கிறது.

இனிக் கணிப்பொறிக்கு வருவோம். என் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ‘தரவுக் கிடங்கு’ பற்றிப் படிக்கிறேன் என்றதும் என் தந்தையார், “கிட்டங்கியா? உளுந்தா பருத்தியா?” என்று கேட்டார். கேள்வி பொருத்தமானதே. கிட்டங்கியில் சரக்கைக் கொட்டி வைப்பதில்லை; இன்ன மூட்டை, இன்ன தேதி, இன்னார் என்று அட்டி போட்டு வைக்கிறோம். தரவுக் கிட்டங்கியும் அதுவே. நடுவில் ஒரு நிகழ்வு அட்டவணை: இன்ன நாளில், இன்ன தளத்தில், இன்ன வகைப் படகில், இன்ன மீன், இத்தனை கிலோ. அதைச் சுற்றி நாள், தளம், படகு வகை, மீன் எனத் தனித்தனி விளக்க அட்டவணைகள். பவர் பி.ஐ. போன்ற மென்பொருளில் நாம் அமைக்கும் தரவு மாடல், இவ்வட்டவணைகளை ஒன்றோடொன்று பிணைத்து, கூட்டல் வகுத்தல் விதிகளையும் சேர்த்து வைத்துக்கொள்கிறது.

சர்வரின் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால் இணைப்பு ஆகிவிடும். அது ஐந்து நிமிட வேலை. ஆயினும் நிகழ்வு அட்டவணையின் ஒரு வரி எதைக் குறிக்கிறது என்று கேளாமல் இணைத்தால் அறிக்கை பொய் சொல்லும்.

ஓர் எடுத்துக்காட்டு. எண்கள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. ஒரு நாள் 60 படகுகள் வருகின்றன. ஐந்துக்கு ஒன்று வீதம் 12 படகுகளைப் பார்த்ததில் 1,800 கிலோ. ஆகவே அன்றைய மதிப்பீடு 9,000 கிலோ. மற்றொரு நாள் 24 படகுகள். இரண்டுக்கு ஒன்று வீதம் அன்றும் 12 படகுகள்; அன்றும் 1,800 கிலோ. ஆனால் மதிப்பீடு 3,600 கிலோதான். பதிவான வரிகளை மட்டும் மென்பொருள் கூட்டினால் இரு நாளும் சமம் என்று காட்டும். உண்மையில் ஒன்று மற்றதைப்போல் இரண்டரை மடங்கு! ஆகவே பெருக்கு எண்ணைக் கிட்டங்கியிலேயே வரிதோறும் எழுதி, மதிப்பீட்டையும் அங்கேயே கணக்கிட்டு வைத்துவிட வேண்டும் என்பது என் கருத்து. அறிக்கை எழுதுபவரின் நினைவாற்றலை நம்பி விடுவதற்கில்லை.

சராசரியிலும் இதே ஆபத்துண்டு. ஒரு தளத்தில் 100 படகுகள் 10,000 கிலோ, படகுக்கு 100. வேறொரு தளத்தில் 10 படகுகள் 4,000 கிலோ, படகுக்கு 400. இரண்டின் சராசரி 250 என்பது கடலில் எவருக்கும் கிடைக்காத மீன். மொத்த மீனை மொத்தப் படகால் வகுத்தால் 127 தான் வரும். ஆதலால் சராசரியை நெடுவரிசையாகச் சேமிக்கலாகாது. வகுத்தல் விதியை மாடலில் எழுதி, கேட்கும்போது கணக்கிடச் செய்ய வேண்டும்.

மீன் அட்டவணை தனிக் கதை. தூத்துக்குடியில் சீலா என்றால் சென்னைக்காரர்களின் வஞ்சிரம். சென்னையில் சீலா என்றால் நாம் ஊளி என்று அழைக்கும் மீன். பெயரை வைத்துப் பிணைத்தால் விலை உயர்ந்த மீனும் வேறொரு மீனும் ஒரே கூடையில் விழும். எனவே ஸ்கோம்பரோமோரஸ், ஸ்பைரீனா என்ற அறிவியல் பெயருக்கு ஓர் எண் கொடுத்து, அவ்வெண்ணால் பிணைத்து, ஊர்ப் பெயர்களைப் பக்கத்தில் எழுதி வைப்பதே முறை.

நாள் அட்டவணையில் தடைக்காலத்தைக் குறிக்க வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அது ‘சுழியம்’ அன்று; ‘தொழில் இல்லை’. இரண்டையும் ஒன்றாக்கினால் வரைபடத்தில் கோடு பள்ளத்தில் விழ, வெளியூர் வாசகர் நம் கடலில் மீன் அற்றுப்போயிற்று என்று எண்ணிவிடுவார்.

இனி வெளியீடு. மாடல் கிட்டங்கியை நேரடியாகக் கேட்டுக்கொண்டே இருக்கலாம். அல்லது நகலெடுத்துக் குறித்த நேரங்களில் புதுப்பித்துக்கொள்ளலாம். மாதக் கணக்கில் வரும் மதிப்பீட்டுக்கு நகலே போதும். நொடிக்கு நொடி செய்தி ஏலக்கூடத்துக்கு வேண்டுமானால் தேவை. கிட்டங்கி அலுவலகக் கணிப்பொறியில் இருந்தால், அதற்கும் இணையச் சேவைக்கும் நடுவே ‘கேட்வே’ என்னும் நிரல் ஓட வேண்டும். மின்சாரம் போய் அக்கணிப்பொறி நின்றால் புதுப்பித்தலும் நிற்கும்; பக்கத்திலோ பழைய எண்களே சாதுவாகத் தெரிந்துகொண்டிருக்கும். கடைசியாகப் புதுப்பித்த தேதியை அறிக்கையின் தலையிலேயே காட்டுவது இதனால்தான்.

மிகக் கவனம் வேண்டியது இறுதிக் கட்டத்தில். பவர் பி.ஐ.யில் பொதுமக்கள் வலைக்கு வெளியிடும் வசதி உண்டு. அதில் கடவுச்சொல் கிடையாது. ஆளுக்கேற்ப வரிகளை மறைக்கும் காவலும் இயங்காது. வரைபடத்தில் மொத்தத்தை மட்டும் காட்டினாலும், மாடலுக்குள் இருக்கும் நுணுக்கமான வரிகளை விவரம் தெரிந்தவர் கேட்டு எடுத்துவிட முடியும். ‘மறை’ என்று குறித்த நெடுவரிசையும் மறைந்ததாகாது. அவ்வரிகளில் படகின் பதிவெண்ணும் வலை விரித்த இடமும் இருந்தால் என்னாகும்? கோபுரத்தையும் பனையையும் அடையாளம் பிடித்துத் தந்தை மகனுக்கு மட்டும் சொல்லிய மீன்பாடு, எவர் வீட்டுக் கணிப்பொறியிலும் தெரியும். அக்குடும்பத்தின் அன்றாட வருமானத்தையும் கடன் கொடுத்தவர் எண்ணிப் பார்ப்பார். கணக்கெடுப்பவரிடம் அடுத்த முறை உண்மை சொல்லப்போவது யார்?

இதற்காக வெளியீட்டுக்கென்று கிட்டங்கியில் தனி அட்டவணை அமைக்க வேண்டும். அதில் மாதம், மாவட்டம், படகு வகை, மீன், மதிப்பீடு ஆகியவை மட்டும் இருக்கும். ஒரு மாதத்தில் ஒரே ஒரு படகைப் பற்றிய வரி வந்தால் அதையும் வேறொன்றோடு சேர்த்துவிட வேண்டும். இவ்வகையில் கற்பனை எண்களைக் கொண்டு நாங்கள் மூவர் அமைத்த சிறு மாடல் நம் கணிப்பொறி ஆய்வகத்தில் இருக்கிறது. புள்ளியியல் படிக்கும் நண்பர்கள் வந்து பெருக்கு எண்களைச் சரிபார்த்துத் தந்தால் மகிழ்வோம்.