பச்சிலையும் வேண்டும், தடுப்பூசியும் வேண்டும்

“முழுமைக் கால்நடை மருத்துவம் என்றால் ஊசியே கூடாது, எல்லாம் பச்சிலைதான்.” கே.ஜி.கண்டிகையிலோ திருத்தணியிலோ கறவை மாடு வைத்திருப்பவர் காதில் என்றாவது இந்தப் பேச்சு விழுந்திருக்கும். தவறான பேச்சு. பச்சிலையையும் ஊசியையும் தேவைக்கேற்பச் சேர்த்துப் பயன்படுத்துவதே முழுமை. தமிழ்நாட்டில் மரபு மூலிகை முறைகளைத் தொகுத்துப் பரவலாக்கிய பேராசிரியர் புண்ணியமூர்த்தியே கால்நடை மருத்துவம் படித்தவர். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். தேசிய பால்வள மேம்பாட்டு வாரியமும் இம்முறைகளைப் பால் கூட்டுறவுகளுக்குக் கொண்டுபோனது. ஆன்டிபயாடிக் பயன்பாட்டைக் குறைப்பதுதான் நோக்கம். தடுப்பூசியை ஒழிப்பது அல்ல.

“மடிநோயா? ஒரு ஊசி போட்டால் தீர்ந்தது.” தீராது. சாணியும் சேறுமான தரை, கழுவாத கை, மடியில் மிச்சம் விட்ட பால் எல்லாமே மடிநோய்க்கு வழி. பால் கறந்தபின் காம்புத் துளை மூடிக்கொள்ள அரை மணி நேரமாவது ஆகும். அதற்குள் மாடு படுத்தால் கிருமி ஏறிவிடும். கறந்ததும் தீவனம் போட்டால் மாடு நின்றபடி தின்னும். காசில்லாத வைத்தியம் இது!

நோய் வந்துவிட்டால் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைக்க வேண்டும். மடியை முழுக்கக் கறந்து கழுவிவிட்டு, விழுதை நீர்க்கக் கரைத்து, நாளுக்குப் பத்து முறை வீதம் ஐந்து நாள் பூச வேண்டும். காய்ச்சல் அடித்தாலோ பாலில் ரத்தம் வந்தாலோ பூச்சோடு நிற்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். அவர் ஆன்டிபயாடிக் போட்டால், அவர் சொல்லும் நாள்வரை அந்தப் பாலை விற்காதீர்கள். இதைத்தான் பலரும் காற்றில் பறக்கவிடுகிறோம்.

“மூலிகைதானே, கெடுதல் செய்யாது.” இளஞ்சோளப் பயிரும் இயற்கைதான், மேய்ந்த மாடு நஞ்சேறிச் செத்துப்போகும். மூங்கில் குழாயால் வாயைத் தூக்கிப்பிடித்து ஊற்றும் கஷாயம் நுரையீரலுக்குள் போனால் அதுவே எமன். மாட்டு மருந்தில் சேரும் பூண்டு நாய்க்கும் பூனைக்கும் ஆகாது.

“கோமாரிக்குச் சூடு போட்டால் சரியாகிவிடும்.” எல்லையோரத் தெலுங்கு வீடுகளில் காலிகுண்டு என்று சொல்லும் இந்நோய் வைரஸால் வருவது. சூடு புண்ணை மட்டுமே கூட்டும். ஆன்டிபயாடிக்கும் வைரஸைக் கொல்லாது. புண்ணில் சேரும் பாக்டீரியாவைக் கொல்லத்தான் உதவும். பழையது என்பதற்காகவே ஒன்றைக் கும்பிடத் தேவையில்லை.

“தடுப்பூசி போட்டால் பால் வற்றிவிடும்.” சில மாடுகளுக்கு ஓரிரு நாள் பால் குறையும், பிறகு தேறிவிடும். கோமாரி வந்த மாடோ அந்த ஈற்று முழுக்கத் தேறாமல் போகலாம். 2019இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கோமாரித் தடுப்பூசியை இலவசமாகவே போடுகிறார்கள். அதேபோல, வெறிநாய் கடித்த மாட்டுக்குப் பச்சிலை தேடி ஒரு மணி நேரத்தைக்கூட வீணாக்காதீர்கள். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவிவிட்டு மருத்துவரை அழையுங்கள். கால்நடை அவசர ஊர்திக்கான எண் 1962.