எக்ஸெல்லில் ஒரு பாலிமர் சவ்வு

எக்ஸெல்லில் உள்ள கோல் சீக் வசதியை நம்மில் பலர் கடன் தவணை பார்க்கத்தான் திறக்கிறோம். இம்முறை அதை வைத்துக்கொண்டு அனல் மின் நிலையத்தின் புகைபோக்கியில் ஏறுவோம்.

நிலக்கரிப் புகையில் கரியமில வாயு சுமார் 13 சதவீதம்தான். மீதியில் பெரும்பகுதி நைட்ரஜன். இரண்டையும் பிரிக்க மெல்லிய பாலிமர் சவ்வு போதும் என்கிறார்கள். இதைச் சல்லடை என்று நினைத்துவிடாதீர்கள். இரு மூலக்கூறுகளும் அளவில் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் பாலிஎத்திலீன் ஆக்ஸைடு போன்ற பாலிமரில் கரியமில வாயு நன்றாகக் கரையும்; நைட்ரஜன் அவ்வளவாகக் கரையாது. நல்ல சவ்வு கரியமில வாயுவை 50 மடங்கு எளிதாக விடும். இதுவே அதன் தேர்வுத் திறன்.

புதிய ஒர்க்‌ஷீட்டில் ஏ1-இல் 0.13 (புகையில் உள்ள பங்கு), பி1-இல் 0.2 (மறுபக்க அழுத்தத்தைப் புகைப்பக்க அழுத்தத்தால் வகுத்தது), சி1-இல் 50, டி1-இல் 0.5 என்று கொடுங்கள். டி1தான் சவ்வைக் கடந்து வரும் வாயுவில் கரியமில வாயுவின் பங்கு. இப்போதைக்கு வெறும் ஊகம். ஈ1-இல் இந்த ஃபார்முலா (செல் பெயர்களை ஆங்கில எழுத்தில் டைப் செய்யவும்):

=டி1/(1-டி1)-சி1*(ஏ1-பி1*டி1)/(1-ஏ1-பி1*(1-டி1))

டேட்டா டேபில் வாட்-இஃப் அனாலிசிஸ், அதில் கோல் சீக். ஈ1-ஐ 0 ஆக்க டி1-ஐ மாற்றச் சொல்லுங்கள். விடை சுமார் 0.55.

சவ்வைப் பத்து மடங்கு உயர்த்தினால் கிட்டத்தட்ட சுத்தமான வாயு வந்துவிடும் என்று நினைத்து, சி1-இல் 500 போட்டேன். வந்தது 0.64! டைப்பிங் தவறோ என்று ஃபார்முலாவை இரண்டு முறை சரிபார்த்தேன். தவறு என் நினைப்பில்தான் இருந்தது. புகைப்பக்கத்தில் கரியமில வாயுவின் பங்கழுத்தம் 0.13 பார். மறுபக்கம் மொத்தமே 0.2 பார். அங்கேயும் அதன் பங்கழுத்தம் 0.13-ஐ எட்டிவிட்டால் ஓட்டம் நின்றுவிடும். 0.13-ஐ 0.2-ஆல் வகுத்தால் 65 சதவீதம். எப்பேர்ப்பட்ட சவ்வானாலும் இதைத் தாண்ட முடியாது. போதாததற்கு, பொதுவாகப் பாலிமரில் தேர்வுத் திறன் கூடினால் வாயு கடக்கும் வேகம் குறையும். இதை ரோப்சன் 1991-இலேயே வரைபடமாகக் காட்டிவிட்டார்.

சி1-ஐ மீண்டும் 50 ஆக்கி, பி1-இல் 0.1 கொடுத்தால் 0.76 கிடைக்கும். ஆனால் அந்த வெற்றிடத்தை உண்டாக்கும் பம்புக்கு அதே மின் நிலையம்தான் கரண்ட் தர வேண்டும்.

கலிபோர்னியாவின் மெம்பிரேன் டெக்னாலஜி அண்ட் ரிசர்ச் நிறுவனத்தார் 2010-இல் வெளியிட்ட யோசனை எனக்குப் பிடித்தது. கொதிகலனுக்குப் போகும் காற்றையே இரண்டாவது சவ்வின் மறுபக்கமாக ஓட விடுகிறார்கள். அந்தக் காற்றில் கரியமில வாயு மிகக் குறைவு என்பதால், வெற்றிடம் இல்லாமலே புகையிலிருந்து அது கடந்து வந்து கொதிகலனுக்குத் திரும்புகிறது. புகையில் அதன் பங்கு சுமார் 18 சதவீதமாக உயர்கிறது. பி1-ஐ 0.2-க்குக் கொண்டுவந்து, ஏ1-இல் 0.18 போட்டு ஓட்டிப் பாருங்கள்: 0.71.