உறைவிப்பதும் உறைவதும்

விழா மலருக்குப் பாடக்கட்டுரையொன்று தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபொழுது, தமிழாசிரியராகிய நம்மிடம் இலக்கணமோ இலக்கியமோ எதிர்பார்த்திருப்பர் என்பதில் ஐயமில்லை. நாமோ அமிலங்களைப்பற்றி எழுதத் துணிந்தோம். அதற்குக் காரணம் ஒரு சொல். ‘உறைதல்’ என்பது அச்சொல்.

மார்கழியிலும் தையிலும் பன்விலையில் விடியற்காலையில் எழுவோர், அடுப்படித் தட்டிலே தேங்காயெண்ணெய் வெள்ளைக் கட்டியாய் நிற்கக் காண்பர். போத்தலை அடுப்போரம் வைப்பர்; அல்லது வெயில் ஏறியதும் முற்றத்திலே வைப்பர்; சற்றைக்கெல்லாம் எண்ணெய் இளகி ஓடும். தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியசில் உறைவது. ஆதலின் கொழும்பிலுள்ளோர்க்கு அரிதாகிய இக்காட்சி மலையகத்தார்க்கு ஆண்டுதோறும் பழகியதொன்று. இப்பழக்கமே ஒருநாள் நமக்குப் பகையாயிற்று. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

பாலுக்கு உறை ஊற்றினால் பால் உறைகின்றது. குளிர் மிகின் நீர் உறைகின்றது. குருதியும் உறைகின்றது. ஓடுவது ஓட்டம் நீங்கி நிற்றல் என்னும் ஒன்றையே நம் முன்னோர் இவ்வெல்லாவற்றிலும் கண்டனர் போலும். ஆயினும் இவற்றிடையே பெரியதொரு வேறுபாடு உண்டு. மோரிட்டு உறைந்த பால் மீண்டும் பாலாகாது; குளிரால் உறைந்த நீரோ மீண்டும் நீராகும். மீண்டுவிடும் என்னும் துணிவினாலேயே குளிரால் உறைந்தவற்றை மனிதர் எளிதாக எண்ணிவிடுகின்றனர்.

இவ்விரு வகை உறைதலும் ஒரே பொருளிடத்துக் கூடுவதைக் காணவேண்டின் இறப்பர்த் தொழிலை நோக்குக. மாத்தளை, கேகாலை, களுத்துறை முதலிய மாவட்டங்களில் மரத்தினின்று வெட்டியெடுக்கும் இறப்பர்ப் பாலைப் போமிக்கமிலமோ அசற்றிக்கமிலமோ ஐதாக்கிச் சேர்த்து உறைவிக்கின்றனர். அசற்றிக்கமிலம் என்பது வேறொன்றுமன்று. சமையலறை வினாகிரிக்குப் புளிப்பைத் தருவதே. வினாகிரியில் அது நூற்றுக்கு நான்கைந்து பங்கு. தொழிற்சாலைக்கும் ஆய்வுகூடத்திற்கும் வரும் போத்தலிலோ தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல். அத்தூய அமிலம் 16.6 பாகையில் உறைந்து பனிக்கட்டிபோல நிற்கும். பாலை உறைவிப்பது தானே உறைந்துவிடுகின்றது! அதனாலேயே வணிகர் அதனைப் ‘பனிக்கட்டியையொத்த’ என்னும் பொருள்படக் ‘கிளேசியல்’ அசற்றிக்கமிலம் என வழங்குகின்றனர்.

16.6 பாகை என்பது நம் மலைகளுக்கு எட்டாத குளிரன்று. கண்டி நகரம் கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 500 மீற்றர் மேலே உள்ளது. ஆங்குச் சனவரி இரவுகளில் வெப்பநிலை 18 பாகையளவிற்கு இறங்குவது வழக்கம். ஆயிரம் மீற்றர் ஏறுந்தோறும் ஆறு பாகைக்குச் சற்றுமேல் குறையும் என்பது மாணவர் அறிந்த கணக்கு. வத்தேகமவைக் கடந்து பன்வில, மடுல்கலை எனத் தேயிலை மலைகளில் ஆயிரம் மீற்றரளவு ஏறின் கண்டியிலும் மூன்று பாகை குறைந்து 15 ஆகும். கண்டிக் களஞ்சியத்தில் நீர்போல் நின்ற அமிலம் மறுநாட் காலை மலையிற் கல்லாய் நிற்பதன் மருமம் இதுவே. மற்றொரு விந்தையும் உண்டு. அசையாது வைத்த அமிலம் உறைநிலைக்குக் கீழே குளிர்ந்தும் சிலபொழுது திரவமாகவே நிற்கும். யாரேனும் எடுத்துக் குலுக்கின் கண்முன்னேயே உறைந்துவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் மலைப்பாங்கான ஒரு பாடசாலையில் நாம் கற்பித்துவந்தோம். தை மாதத்துக் காலைப்பொழுது. ஆய்வுகூட உதவியாளரான இளைஞர், வெள்ளையாய் உறைந்த கண்ணாடிப் போத்தலொன்றை ஏந்திச் சிற்றுண்டிச்சாலையை நோக்கிச் சென்றார். “என்ன தம்பி, எண்ணெயா?” என்றோம். “இல்லை சேர், அசிட். தேங்காயெண்ணெய் மாதிரித்தான், அடுப்போரம் வைத்தால் இளகிவிடும்” என்றார். நாம் நகைத்துவிட்டு வகுப்பிற்குச் சென்றோம். பத்து நிமிடங் கழியுமுன் போத்தலின் அடி வெடித்து, அமிலம் அடுப்பிற் சிந்தித் தீப்பற்றிற்று. இளைஞரின் முன்கை வெந்தது. ஆவி கண்ணிற் பட்ட மாணவியொருத்தி கண் திறக்கமாட்டாது அலறினாள். விஞ்ஞான ஆசிரியை ஓடிவந்து இருவரையும் குழாயடியிற் கால்மணி நேரத்திற்கு மேல் நிறுத்தி நீரால் கழுவுவித்துப் பின்னரே வைத்தியசாலைக்கு அனுப்பினார். கண் பிழைத்தது, கையில் வடு நின்றது. போத்தலின் மேலிருந்த எச்சரிக்கை முழுதும் ஆங்கிலத்தில் இருந்தது. அதனை வாசிக்கத் தெரிந்த நாமோ வாசிக்கவில்லை.

அன்று நேர்ந்ததன் காரணங்களைப் பின்னர்க் கேட்டறிந்தோம். அசற்றிக்கமிலம் தேங்காயெண்ணெய் அன்று. 40 பாகையளவு சூடேறினாலே அதன் ஆவி தீப்பொறி கண்டு பற்றும். அடுப்போரமோ அதனினும் சூடானது. அன்றியும் நீர் உறையும்பொழுது பருக்கும். பிற திரவங்களிற் பெரும்பாலானவை உறையும்பொழுது சுருங்கி உருகும்பொழுது பருக்கும். அசற்றிக்கமிலம் இரண்டாம் வகையது. போத்தலை அடியிற் சூடேற்றின், அடியில் உருகியது பருக்க இடந்தேடும், மேலே கட்டி அடைத்து நிற்கும், மூடியும் இறுகியிருக்கும். கண்ணாடியின் ஒரு புறம் சூடும் மறுபுறம் குளிருமாய் இருத்தலும் அதனைப் பிளக்கும். ஆதலின் உறைந்த போத்தலை 25 பாகையளவுள்ள அறையில் ஓரிரவு வைத்தலே சிறந்தது. விரைவு வேண்டின் மூடியைச் சற்றுத் தளர்த்தி, காற்றோட்டமுள்ள இடத்திலே, கை பொறுக்கும் இளஞ்சூட்டு நீரில் நிறுத்துக. தீச்சுவாலையும் மின்னடுப்பும் அணுகலாகா. கையுறையும் கண்ணாடியும் அணிக. உறைந்த அமிலமும் அமிலமே, தோலின் சூட்டில் உருகிச் சுடும்.

அரைகுறையாய் உருகியதை எடுத்துப் பயன்படுத்தலும் தவறு. நீர் கலந்த அமிலம் உறையும்பொழுது கட்டியும் மிஞ்சிய திரவமும் ஒரே செறிவின அல்ல. செறிவுமிக்க அசற்றிக்கமிலத்தில் முதலில் உறைவது தூய அமிலம். நீர் திரவத்திலே தங்கும். அத்திரவத்தை அளந்து இறப்பர்ப் பாலில் ஊற்றுவோர் எண்ணியதிலும் மெலிந்ததை ஊற்றுகின்றனர். பால் சரிவர உறையாது. மறுநாள் கட்டி உருகியபின் அதே அளவு ஊற்றின் மிகையாகும். முழுதும் உருக்கிக் கலக்கிய பின்னரே அளத்தல் வேண்டும்.

‘அங்ஙனமாயின் நீர் சேர்த்து வாங்கிவிடலாமே’ என மாணவர் கேட்பர், நல்ல கேள்விதான். அசற்றிக்கமிலத்திற்கு அது பொருந்தும். நூற்றுக்கு ஒரு பங்கு நீர் சேர்ந்தாலே உறைநிலை 15 பாகைக்குச் சற்றுக் கீழே செல்லும். எண்பது விழுக்காட்டு அமிலம் பூச்சியப் பாகையிலும் உறையாது. தூய போமிக்கமிலம் 8.4 பாகையில் உறைவது. ஆயினும் கடையில் வரும் 85 விழுக்காட்டுக் கரைசல் நுவரெலியாவில் உறைபனி படியும் இரவிலும் திரவமாகவே நிற்கும். எரிசோடாவும் இவ்வழியதே: 50 விழுக்காட்டுக் கரைசல் 12 முதல் 15 பாகைக்குள் படிகங்களாகி வாயில்களையும் குழாய்களையும் அடைத்துவிடும், 20 விழுக்காட்டளவு ஐதாயின் பூச்சியத்திற்குக் கீழ் இருபது பாகையிலும் உறையாது.

ஆயின் சல்பூரிக்கமிலத்தினிடம் இக்கணக்குச் செல்லாது. தூய சல்பூரிக்கமிலம் 10 பாகையளவில் உறையும். 98 விழுக்காட்டினது 3 பாகையளவில். 93 விழுக்காட்டினதோ பூச்சியத்திற்கு மிகக் கீழே. ‘இன்னும் ஐதாக்கின் இன்னும் நன்று’ எனக் கருதி 85 விழுக்காட்டிற்குக் கொணர்ந்தால் உறைநிலை மீண்டும் 8 பாகையளவிற்கு ஏறிவிடும்! குளிர்நாட்டார் மாரிகாலத்தில் 93 விழுக்காட்டு அமிலத்தையே விரும்பி அனுப்புவதன் நுட்பம் இது. மூடி சரியில்லாத பீப்பாயில் இவ்வமிலம் காற்றின் ஈரத்தைக் குடித்துச் செறிவு மாறுவதும் நினைக்கத்தக்கது. போமலின் என்பதோ உறைவதில்லை; குளிரில் வெண்மையான வீழ்படிவைத் தரும். அதனைத் தடுக்கவே மெதனோல் சேர்க்கின்றனர்.

இனி, ஏற்றியிறக்கும் வழியை நோக்குவோம். கொழும்பில் 30 பாகைச் சூட்டில் லொறியேறும் பீப்பாய் மறுநாள் விடியலில் மலையிலே 15 பாகையில் நிற்கின்றது. அசற்றிக்கமிலம் ஒரு பாகைக்குத் தன் கனவளவில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலாக மாறும். 200 லீற்றர்ப் பீப்பாயில், 15 பாகை மாற்றத்திற்கு, மூன்று லீற்றருக்கு மேல் வேறுபாடு வரும். மேலேறும்பொழுது சுருங்கிப் பீப்பாய் உள்வாங்கும். அதனால் தீங்கு சிறிது. மலையிற் குளிர்ந்த காலையில் விளிம்புவரை நிரப்பிக் கீழே அனுப்பும் பீப்பாயே அஞ்சத்தக்கது; சூடேற ஏற மூடியைத் தள்ளும், பொருத்துக்களிற் கசியும். நிரப்புவோர் மேலே இடம் விடுதல் கஞ்சத்தனமன்று என்பதை வாங்குவோர் உணர்தல் வேண்டும்.

கசிவு எத்துணைச் சிறிதாயினும் பொறுக்கலாகாது என்பதற்கு நம் நாடு கொடுத்த விலை பெரிது. 1,486 கொள்கலங்களோடு வந்த ‘எக்ஸ்-பிரெஸ் பேர்ள்’ என்னும் கப்பலில் 25 தொன் நைத்திரிக்கமிலம் இருந்தது. அமிலக் கொள்கலமொன்று கசிவது வழியிலேயே அறியப்பட்டும், கட்டாரிலும் இந்தியாவிலும் உள்ள துறைமுகங்களில் அது இறக்கப்படவில்லை. 2021 மே மாதம் 20ஆம் திகதி கொழும்புக்கு அப்பாற் கடலில் அக்கப்பல் தீப்பற்றி, சூன் 2இல் மூழ்கத் தொடங்கிற்று. கரையெங்கும் பிளாத்திக்குத் துணிக்கைகள் ஒதுங்கின, மீனவர் தொழிலிழந்தனர். அங்கே குளிர் இல்லை, கசிவு இருந்தது.

குளிருக்கு அஞ்சிச் சூடேற்றுவோர் வழுக்கிவிழக்கூடிய மறுபுறமும் உண்டு. அக்கிரிலிக்கமிலம் 13 பாகைக்குச் சற்றுமேல் உறைவது. ஆதலின் அதனை உறையவும் விடலாகாது, மிகச் சூடேற்றவும் ஆகாது. தன்னோடு தானே பிணைந்து வெப்பங் கக்கும் இயல்பினது அது. அதனைத் தடுக்கும் பொருள் சிறிதளவு கலந்திருக்கும். உறையும்பொழுது அத்தடுப்புப் பொருள் கட்டியில் நில்லாது திரவத்தில் ஒதுங்கும். கட்டியை நீராவியால் உருக்குவோர் காவலற்ற அமிலத்தைச் சூடேற்றுகின்றனர். யப்பானில் இமெசி நகரத்துத் தொழிற்சாலையொன்றில் 2012 செத்தெம்பர் 29ஆம் திகதி இவ்வமிலம் நிறைந்த தாங்கி வெடித்து, தீயணைப்பு வீரர் ஒருவர் மாண்டார். முப்பத்தாறு பேர் காயமுற்றனர். அது குளிரால் நேர்ந்ததன்று. தாங்கியின் மேற்பகுதியிற் சூடு தணியாது தங்கியதால் நேர்ந்தது.

நம் பிள்ளைகள் பலர் மலையினின்று இறங்கி, பியகமவிலும் கட்டுநாயக்காவிலும் உள்ள தொழிற்சாலைகளுக்குச் செல்கின்றனர். பீப்பாயின் மேலுள்ள மொழி விளங்காவிடினும் இலக்கம் விளங்கும் அன்றோ! ஐக்கிய நாடுகள் வகுத்த நான்கிலக்க எண்ணை மாணவர் குறித்துவைக்க: 2789 எனில் செறிந்த அசற்றிக்கமிலம், 1830 சல்பூரிக்கமிலம், 1824 எரிசோடாக் கரைசல். கையின் மேலும் உலோகத்தின் மேலும் துளி விழுவதுபோன்ற படம் அரிப்பதைக் காட்டும். சுவாலைப் படம் எரிவதைக் காட்டும். 2789இல் அவ்விரண்டும் சேர்ந்தே இருக்கும். அமிலத்தையும் எரிசோடாவையும் ஒரே தட்டில் வையாதிருத்தலும், அசற்றிக்கமிலத்தை நைத்திரிக்கமிலத்தினின்று நெடுந்தூரம் பிரித்தலும், சீமெந்துத் தரையில் நேரே வையாது பலகையின்மேல் நிறுத்துதலும் அறிந்தோர் செய்வன.

அன்று கண் வெந்த மாணவி, பின்னர் அவ்வாய்வுகூடத்து அலுமாரிக்குத் தன் கையாலேயே தமிழில் ஒரு தாள் எழுதி ஒட்டினாள். ‘உறைந்திருந்தாலும் இது அமிலம். அடுப்பருகே கொண்டுபோகாதீர்கள். ரீச்சரைக் கூப்பிடுங்கள்.’ ஒட்டுமுன் நம்மிடம் காட்டினாள். ஒற்றுப்பிழை ஒன்று இருந்தது, திருத்திக் கொடுத்தோம்.