கருத்து முரணைக் காட்டும் இணைப்புச் சொற்கள்

க.பொ.த. சாதாரண தரம் – தமிழ்மொழி – கட்டுரையும் பந்தி அமைப்பும்

அறிமுகம்

மாணவர்களே, பின்வரும் இரண்டு கூற்றுகளையும் நிதானமாக வாசியுங்கள்.

(அ) தனியார் வகுப்பு மாணவரின் கற்றலுக்கு உதவுகிறது. ஆனால் அது அவர்களுடைய ஓய்வு நேரத்தை எடுத்துக்கொள்கிறது.

(ஆ) தனியார் வகுப்பு மாணவரின் ஓய்வு நேரத்தை எடுத்துக்கொள்கிறது. ஆனால் அது அவர்களுடைய கற்றலுக்கு உதவுகிறது.

இரண்டிலும் உள்ள செய்திகள் ஒன்றே. இணைப்புச் சொல்லும் ஒன்றே. எனினும், தனியார் வகுப்பை ஆதரிப்பவர் யார் என்று கேட்டால் (ஆ) என்று உடனே கூறிவிடுவீர்கள். காரணம் என்ன? 'ஆனால்' என்ற சொல்லுக்குப் பின்னால் வரும் செய்திக்கே வாசிப்பவர் கூடிய நிறை கொடுக்கிறார். முன்னால் வருவது விட்டுக்கொடுத்தது. பின்னால் வருவது நிலைநாட்டியது.

இப்பாடத்தில் நீங்கள் மனத்தில் இருத்த வேண்டிய முதன்மையான விதி இதுவே: உங்கள் முடிவு எதுவோ அது முரண் இணைப்புச் சொல்லுக்குப் பின்னால் வர வேண்டும். இதனை அறியாமல் எழுதும் மாணவர், தாம் ஆதரிக்க நினைத்த கருத்தைத் தாமே எதிர்த்து எழுதிவிடுவதுண்டு.

1. முரண் நான்கு வகைப்படும்

எல்லா முரணும் ஒரே தன்மையானது அன்று. எந்த வகை முரண் என்று தெரிந்தால் எந்தச் சொல்லைப் பயன்படுத்துவது என்பதும் தெரிந்துவிடும்.

1.1 எதிர்பார்ப்புக்கு மாறானது

முதல் வாக்கியத்தை வாசித்ததும் ஒரு விளைவை எதிர்பார்க்கிறோம். இரண்டாம் வாக்கியம் அதற்கு மாறான விளைவைக் கூறுகிறது. எனினும், ஆயினும், இருப்பினும், ஆனாலும், அவ்வாறிருந்தும் ஆகிய சொற்கள் இதற்குரியன.

உதாரணம்: யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறுகள் இல்லை. எனினும், சுண்ணாம்புக்கற் பாறைகளில் தேங்கும் நிலத்தடி நீரைக் கொண்டு அங்கு வெங்காயமும் புகையிலையும் பயிரிடப்படுகின்றன.

ஆறு இல்லாத இடத்தில் பயிர்ச்செய்கை நலிந்திருக்கும் என்று எதிர்பார்க்கிறோம். அவ்வாறு நிகழவில்லை. ஆகவே 'எனினும்' பொருத்தமாகிறது.

1.2 இரண்டை ஒப்பிட்டு வேறுபடுத்துவது

இங்கு எதிர்பார்ப்பு எதுவும் இல்லை. இரண்டு பொருள்கள் அருகருகே வைக்கப்பட்டு அவற்றின் வேறுபாடு காட்டப்படுகிறது. ஆனால், அதேவேளை, ஒருபுறம் – மறுபுறம் ஆகியன இதற்கு உதவும். இவற்றைவிடச் சுருக்கமான வழி ஒன்றும் தமிழில் உண்டு. அது ஓகார இடைச்சொல்.

உதாரணம்: ஈரவலயம் தென்மேல் பருவக்காற்றினால் அதிக மழையைப் பெறுகிறது, உலர்வலயமோ வடகீழ்ப் பருவக்காற்றையே பெரிதும் நம்பியிருக்கிறது.

'உலர்வலயமோ' என்ற ஒரே சொல்லில் முரண் வந்துவிட்டது. பேச்சில் நாம் 'அண்ணாவோ படிப்பிலே, தம்பியோ விளையாட்டிலே' என்று சர்வசாதாரணமாகக் கூறுகிறோம். கட்டுரையில் மட்டும் இதனை மறந்துவிடுகிறோம்.

1.3 மறுத்துத் திருத்துவது

ஒரு கருத்தைத் தவறென்று மறுத்துச் சரியானதை அந்த இடத்தில் வைப்பது இவ்வகை. 'மாறாக' என்ற சொல் இதற்குரியது.

உதாரணம்: மலையகத் தமிழரின் முன்னோர்களுள் பெரும்பாலோர் வர்த்தகர்களாக இலங்கைக்கு வந்தவர்கள் அல்லர். மாறாக, பெருந்தோட்டங்களில் வேலை செய்யும் தொழிலாளராகவே வந்தனர்.

கவனிக்குக: 'மாறாக' என்று தொடங்கும் வாக்கியத்துக்கு முன்னால் அல்ல, அன்று, அல்லர், இல்லை முதலிய எதிர்மறைச் சொல் ஒன்று இருத்தல் வேண்டும். 'அவன் வறியவன். மாறாக, நன்றாகப் படித்தான்' என்பது பிழை. இங்கு மறுப்பு எதுவும் இல்லை. 'அவன் வறியவன். எனினும், நன்றாகப் படித்தான்' என்பதே சரி.

1.4 ஏற்றுக்கொண்டு மறுப்பது

எதிர்த் தரப்பின் நியாயத்தை முதலில் ஏற்றுக்கொண்டு, பின்னர் நம் கருத்தை நிலைநாட்டுவது இவ்வகை. 'என்பது உண்மையே. எனினும்...', 'என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால்...' ஆகிய தொடர்கள் இதற்கு ஏற்றவை. விவாதக் கட்டுரைகளில் மிகவும் பயன்படுவது இதுவே. எதிர்க் கருத்தை அறியாதவர் போல எழுதுபவரைவிட, அறிந்து விடை கூறுபவரையே வாசிப்பவர் நம்புவார்.

2. 'எனினும்' பொருந்துமா? ஓர் எளிய சோதனை

நீங்கள் எழுதிய 'எனினும்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'அப்படியிருந்தும்' என்று போட்டு வாசியுங்கள். பொருள் தடையின்றிச் சென்றால் 'எனினும்' சரி. தடைப்பட்டால் அது 1.1 வகை முரண் அன்று.

'ஈரவலயம் தென்மேல் பருவக்காற்றினால் மழை பெறுகிறது. அப்படியிருந்தும் உலர்வலயம் வடகீழ்ப் பருவக்காற்றினால் மழை பெறுகிறது.' இது பொருந்தவில்லை அல்லவா? எனவே இங்கு 'எனினும்' வராது. 'ஆனால்' என்றோ 'உலர்வலயமோ' என்றோ எழுத வேண்டும்.

3. வினைச்சொல்லோடு சேர்ந்து வரும் முரண்

முரணைக் காட்டத் தனிச் சொல் எப்போதும் தேவையில்லை. வினைச்சொல்லின் இறுதியில் '-ஆலும்', '-போதிலும்' ஆகியவற்றைச் சேர்த்து இரண்டு வாக்கியங்களை ஒன்றாக்கலாம்.

மழை பெய்தாலும் போட்டி நடைபெறும். (போட்டி இன்னும் நடைபெறவில்லை.)
மழை பெய்தபோதிலும் போட்டி நடைபெற்றது. (மழையும் பெய்தது, போட்டியும் முடிந்தது.)

நடந்து முடிந்த நிகழ்ச்சிகளைக் கூறும் வரலாற்று விடைகளில் '-போதிலும்' என்பதே ஐயத்துக்கு இடம் தராது.

இங்கு மாணவர் பலர் விடும் பிழை ஒன்று உண்டு. 'மழை பெய்தபோதிலும், ஆனால் போட்டி நடைபெற்றது' என்று எழுதுவர். 'போதிலும்' என்றதுமே முரண் வந்துவிட்டது. பின்னர் 'ஆனால்' எதற்கு? ஒரு முரணுக்கு ஓர் அடையாளம் போதும்.

ஆங்கில வினாத்தாளுக்கு ஒரு குறிப்பு: இதே பிழை ஆங்கிலத்திலும் நிகழ்கிறது. 'ஓல்தோ' என்று வாக்கியத்தைத் தொடங்கிவிட்டு, நடுவில் 'பட்' என்றும் எழுதிவிடுகிறோம். தமிழில் முரண் அடையாளம் முதற் பகுதியின் இறுதியில், வினையோடு ஒட்டி வருகிறது. ஆங்கிலத்திலோ அது வாக்கியத்தின் தலையிலேயே வந்துவிடுகிறது. நடுப்பகுதிக்கு வரும்போது நம் தமிழ்க் காது அடையாளத்தைத் தேடுகிறது. காணாததால் 'பட்' போடத் தூண்டுகிறது. 'ஓல்தோ' இருந்தால் 'பட்' வேண்டாம். 'பட்' இருந்தால் 'ஓல்தோ' வேண்டாம். 'ஹவெவர்' என்பது நமது 'எனினும்' போன்றது. முன்னைய வாக்கியத்தை முற்றுப்புள்ளியிட்டு முடித்து, இதனைப் புதிய வாக்கியத்தின் தொடக்கத்தில் எழுதிக் காற்புள்ளி இடுங்கள்.

4. மாணவர் விடும் ஏனைய பிழைகள்

(i) முரண் இல்லாத இடத்தில் முரண் சொல்: 'அவள் நன்றாகப் படித்தாள். எனினும், பரீட்சையில் சித்தியடைந்தாள்.' படித்தவர் சித்தியடைவது எதிர்பார்த்ததே. இங்கு 'எனவே' அல்லது 'ஆகவே' வர வேண்டும். அவசரத்தில் எழுதும்போது 'எனவே', 'எனினும்' இரண்டும் இடம் மாறிவிடுகின்றன. ஒன்று காரணத்தின் விளைவைக் கூறும். மற்றையது விளைவு மாறிப்போனதைக் கூறும்.

(ii) 'மறுபுறம்' மட்டும் வருவது: 'மறுபுறம்' என்று எழுதினால் முதற் புறம் எது என்று வாசிப்பவர் தேடுவார். அது முன்னரே தெளிவாக இருத்தல் வேண்டும்.

(iii) ஊசலாட்டம்: ஒரே பந்தியில் 'ஆனால்' மூன்று நான்கு முறை வருவது. இதற்கு மாதிரி ஒன்றைக் கீழே காண்க.

5. பந்தியில் பயன்படுத்தும் முறை

தலைப்பு: மாணவருக்குத் தனியார் வகுப்பு அவசியமா?

திருத்தத்துக்கு முன்:

'தனியார் வகுப்பில் கடந்த கால வினாத்தாள்களைச் செய்து பார்க்கலாம். ஆனால் பணம் செலவாகிறது. ஆனால் பாடசாலையில் விளங்காததை அங்கு விளங்கிக்கொள்ளலாம். ஆனால் பின்னேரம் விளையாட நேரமில்லை. ஆனால் எல்லோரும் போகிறார்கள்.'

இப்பந்தியில் உள்ள ஒவ்வொரு வாக்கியமும் உண்மையானது. எனினும், எழுதியவரின் முடிவு எது என்று கூற முடியவில்லை. ஒவ்வொரு 'ஆனால்' என்பதும் முன்னர் கட்டியதை இடித்துவிடுகிறது. இறுதி வாக்கியம் நியாயமும் அன்று.

திருத்திய பின்:

'தனியார் வகுப்பில் கடந்த கால வினாத்தாள்களைச் செய்து பழகலாம் என்பதும், பாடசாலையில் விளங்காத பகுதிகளைக் கேட்டு அறியலாம் என்பதும் உண்மையே. எனினும், அதற்கான கட்டணத்தைச் செலுத்த இயலாத குடும்பங்கள் பல உள்ளன. 1945 ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் கல்வி இலவசமாக வழங்கப்படுகிறது. அவ்வாறிருந்தும், பணம் உள்ளவர் மட்டுமே பெறக்கூடிய இரண்டாவது கல்வி ஒன்று உருவாகியுள்ளது. ஆகவே, பாடசாலைக் கற்பித்தலை வலுப்படுத்துவதே முதலில் செய்ய வேண்டியது.'

சாதகமான நியாயங்கள் இரண்டும் ஒன்றாக முதலில் கூறப்பட்டன. பின்னர் ஒரே தடவை திருப்பம் வந்தது. அதன் பின்னர் பந்தி ஒரே திசையில் சென்று முடிவை அடைந்தது. முன்னைய பந்தியில் நான்கு திருப்பங்கள் இருந்தும் செல்லும் இடம் இருக்கவில்லை.

இத்தலைப்பை எனது வகுப்பில் கொடுக்கும்போதெல்லாம் பெரும்பாலோர் தனியார் வகுப்பைப் புகழ்ந்தே எழுதுவர். வகுப்பு நடத்துபவரிடமே அதனைக் குறைகூறி எழுதுவது எவ்வாறு என்ற தயக்கமாக இருக்கலாம். ஒருமுறை மாணவி ஒருவர் மேலுள்ள முடிவை ஒத்த முடிவோடு எழுதியிருந்தார். அன்றைய கட்டுரைகளுள் கூடிய புள்ளி அவருக்கே கிடைத்தது. நான் அவரது முடிவை முழுமையாக ஏற்றுக்கொண்டேனா என்பது வேறு விடயம். எதிர்த் தரப்பை மதித்துவிட்டு, தம் தரப்பை உறுதியாகக் கூறியிருந்தார். கட்டுரையில் தேடப்படுவது அதுவே. ஆசிரியர் விரும்புவார் என்று நினைப்பதை எழுதாதீர்கள். நீங்கள் நிறுவக்கூடியதை எழுதுங்கள்.

6. வரலாற்று விடைகளில்

முரண் இணைப்பு, வினா கேட்பதற்கு ஏற்பத் திசை மாற வேண்டும். டொனமூர் அரசியல் யாப்பை எடுத்துக்கொள்வோம்.

செய்தி 1: 1931 இல் 21 வயதுக்கு மேற்பட்ட ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை கிடைத்தது.
செய்தி 2: நிதி, சட்டம், பாதுகாப்பு முதலிய முக்கிய துறைகள் மூன்று அரச உத்தியோகத்தர்களின் பொறுப்பிலேயே இருந்தன.

வினா 'முக்கியத்துவம்' பற்றியதாயின்: முக்கிய துறைகள் மூன்று அரச உத்தியோகத்தர்களின் பொறுப்பில் இருந்தபோதிலும், சர்வசன வாக்குரிமை கிடைத்தமை பெரும் முன்னேற்றமாகும்.

வினா 'குறைபாடுகள்' பற்றியதாயின்: சர்வசன வாக்குரிமை கிடைத்தபோதிலும், முக்கிய துறைகள் மூன்று அரச உத்தியோகத்தர்களின் பொறுப்பிலேயே இருந்தன.

செய்திகளை மனனம் செய்தவர் இரண்டு வினாக்களுக்கும் ஒரே பந்தியை எழுதுவார். வினாவை விளங்கியவர் செய்திகளின் வரிசையை மாற்றுவார்.

7. பயிற்சி

இடைவெளியை நிரப்புக.

1. அசோகன் கலிங்கப் போரில் வெற்றி பெற்றான். ............, அவ்வெற்றி அவனுக்கு மகிழ்ச்சியைத் தரவில்லை.
2. மகாவலி கங்கை கிழக்குக் கரையில் கடலோடு கலக்கிறது; களனி கங்கை...... மேற்குக் கரையில் கலக்கிறது.
3. சிலப்பதிகாரம் மன்னன் ஒருவனைத் தலைவனாகக் கொண்ட காப்பியம் அன்று. ............, வணிகர் குலத்துக் கோவலனையும் கண்ணகியையும் பற்றிய காப்பியமாகும்.

பிழை திருத்துக.

4. 1796 இல் ஆங்கிலேயர் கரையோரப் பகுதிகளைக் கைப்பற்றியபோதிலும், ஆனால் கண்டி இராச்சியம் 1815 வரை சுதந்திரமாக இருந்தது.
5. 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை கரையோரங்களைத் தாக்கியது. எனினும், பல்லாயிரக்கணக்கானோர் உயிரிழந்தனர்.

எழுதுக.

6. 'கையடக்கத் தொலைபேசி கற்றலுக்கு உதவுகிறது', 'கையடக்கத் தொலைபேசி கவனத்தைச் சிதறடிக்கிறது' ஆகிய கருத்துகளை இணைத்து, முதலில் ஆதரவாகவும் பின்னர் எதிராகவும் இரண்டு வாக்கியங்கள் அமைக்க.

விடைகள்

1. எனினும் (ஆயினும், ஆனாலும் என்பனவும் பொருந்தும்)
2. களனி கங்கையோ
3. மாறாக
4. 'ஆனால்' நீக்கப்பட வேண்டும்.
5. 'எனினும்' என்பதற்குப் பதிலாக 'அதனால்' வர வேண்டும்.
6. ஆதரவாக: கவனத்தைச் சிதறடித்தாலும், கையடக்கத் தொலைபேசி கற்றலுக்கு உதவுகிறது. எதிராக: கற்றலுக்கு உதவினாலும், கையடக்கத் தொலைபேசி கவனத்தைச் சிதறடிக்கிறது.

நினைவிற் கொள்க

கட்டுரையை எழுதி முடித்ததும் ஒருமுறை மீள வாசித்து, முரண் இணைப்புச் சொற்களின் கீழ் பென்சிலால் கோடிடுங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று வினாக்களைக் கேளுங்கள். இங்கு உண்மையில் முரண் உண்டா? ஒரு முரணுக்கு ஓர் அடையாளம் மட்டுமே உள்ளதா? இச்சொல்லுக்குப் பின்னால் நிற்பது எனது கருத்தா, நான் மறுக்க நினைத்த கருத்தா? மூன்றாவது வினாவுக்குச் சரியான விடை கிடைத்தால் உங்கள் கட்டுரை நீங்கள் நினைத்த இடத்திலேயே போய்ச் சேரும்.