மறுப்பை எழுத்தில் வாங்கு

அன்புள்ள மகளே,

மும்பை கிங்ஸ் சர்க்கிளில் நீ அலுவலகம் திறந்ததும் தாராவியிலிருந்து கைதிகளின் தாய்மார்கள் உன்னைத் தேடி வரத் தொடங்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். நெஞ்சு நிறைந்தது. இந்த வேலையில் பணம் வராது, ஆனாலும் கைவிட்டுவிடாதே. உனக்குச் சொல்ல என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. கைதி எதையோ கேட்டு, சிறை அதை மறுத்த அன்றைக்கே அவருடைய மேல்முறையீடு தொடங்கிவிடுகிறது.

பிரபாகர் பாண்டுரங் சன்ஸ்கிரி வழக்கை ஊன்றிப் படி. இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் பம்பாய்ச் சிறையில் காவலில் இருந்தபோது, அணுவைப் பற்றி மராத்தியில் ஒரு நூல் எழுதினார். அச்சிடுவதற்காகக் கையெழுத்துப் படியை மனைவிக்கு அனுப்ப அனுமதி கேட்டார், அரசு மறுத்தது. உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றதும் அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. காவல் நிபந்தனைகளில் நூல் வெளியிடும் சலுகையே கிடையாது என்று வாதிட்டது. 1965 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்க மறுத்துவிட்டது. நிபந்தனைகள் கைதிக்குப் போட்ட சலுகைப் பட்டியல் அல்ல, அவர் சுதந்திரத்தில் அரசு எதுவரை கை வைக்கலாம் என்பதற்கான எல்லை என்றார் நீதிபதி சுப்பா ராவ். முறையாக விண்ணப்பித்திருந்ததால்தான் எதிர்த்து வழக்காட ஒரு மறுப்பு இருந்தது.

அடுத்து ஹோஸ்காட் வழக்கு. உயர் நீதிமன்றம் ஹோஸ்காட்டின் தண்டனையை 3 ஆண்டாக உயர்த்தியது. தீர்ப்பு நகல் எரவாடா சிறைக்குப் போனது. தன் கைக்கு வரவில்லை என்றார் அவர். வாங்கியதற்கு அவர் கையெழுத்தும் இல்லை. அவர் உச்ச நீதிமன்றத்துக்கு வந்து சேர்வதற்குள் ஆண்டுகள் ஓடிவிட்டன. 1978இல் நீதிபதி கிருஷ்ணய்யர் அவர் மனுவை ஏற்கவில்லை. ஆனால் நகலை இலவசமாகக் கொடுத்துக் கைதியிடம் ஒப்பம் பெற வேண்டும், வசதியற்றவருக்கு மேல்முறையீட்டுக்கு வழக்கறிஞரைத் தர வேண்டும் என்று விதித்தார். கட்சிக்காரரைச் சந்திக்கும்போதெல்லாம் முதலில் அந்த நகலைக் கேள்.

கேட்கும் பொருள் சிறியது என்று தள்ளிப்போடாதே. திருச்சி மாவட்டத்தில் பிறந்த பாதிரியார் ஸ்டான் சுவாமி, பார்க்கின்சன் நோயால் கை நடுங்கியதால், குடிப்பதற்கு உறிஞ்சுகுழல் கோப்பை கேட்டு 2020 நவம்பரில் சிறையிலிருந்து மனுச் செய்தார். பதில் சொல்லவே விசாரணை முகமை 20 நாள் அவகாசம் கேட்டது. அவருடைய ஜாமீன் மேல்முறையீடு பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தபோதே, 2021 ஜூலை 5 அன்று, 84 வயதில் இறந்தார். கைதியின் உடல்நிலை வாய்தாவுக்காகக் காத்திருக்காது. உடல்நலம் சம்பந்தப்பட்ட மனு என்றால் அன்றைக்கே விசாரணைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லிக் கேள். நீதிபதி முகம் சுளித்தாலும் கேள்.

தலோஜா சிறை தூரம் என்று சோம்பாதே. கிங்ஸ் சர்க்கிளில் ரயிலேறி வடாலாவில் மாறினால் பன்வேல் வண்டி கிடைக்கும். கைதியைச் சந்திக்கும் முலாகாத்தில் நான்கு கேள்வி கேள்: என்ன கேட்டீர்கள், யாரிடம், என்றைக்கு, என்ன பதில்? அன்றே மனுவாக எழுதிச் சிறை அலுவலகத்தில் கொடுத்து, தேதியோடு முத்திரை வாங்கு. நீதிமன்றத்தில் வாய்மொழியாகச் சொன்னதெல்லாம் ரோஸ்நாமா என்ற அன்றாடப் பதிவேட்டில் ஏறியதா என்று அன்று மாலையே பார். மேலே உட்கார்ந்திருக்கும் நீதிபதி சிறைக்குள் வரப்போவதில்லை. அங்கே நடந்ததை அவர் கண்முன் நிறுத்தப்போவது நீ சேர்த்துவைத்த காகிதங்கள்தான்.

அன்புடன்,
உன் மூத்த வழக்கறிஞர்